எப்ப நடந்தது?

மாவு ஆலையில் வேலை,
கால் முறிந்ததும் மாவுக்கட்டு.
சீனக்குடாவில் இந்தப் பகிடியை
என் காதுபட நாலுபேர் சொல்லியாயிற்று.
ஆறு கிழமை லீவு.
பாலையூற்றில் விடாத மழை.
கட்டுக்குள்ளே கடி,
விரல் எட்டாத இடத்தில்.

ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்தபடி
திறந்திருந்த அலுமாரியைப் பார்த்தேன்.
மரீற்றாவின் தம்பி யூட்
ஒஸ்லோவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டர்.
கடுஞ்சிவப்பு, கழுத்தில் வெள்ளைக் கரை.
இந்த ஊரில் அதை ஐஸ்பெட்டிக்குத்தான் போட்டுவிடலாம்.
நிலாவெளிக் காணிக்கதை வந்த அன்று
சோற்றுக் கோப்பைக்குள்ளேயே கைகழுவி
எழும்பிப் போனவன்
இதை எடுக்காமலே போய்விட்டான்.
இரண்டு நத்தார் ஆயிற்று. ஒரு கோல் இல்லை.

"பிரிச்சால் என்ன?" என்றேன்.
அரிசி களைந்துகொண்டிருந்தவள்
"பிரி" என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்குள்
இருபது பேர்ச் காணி இருந்தது.

நுனி பிடிபடும்வரைதான் மல்லுக்கட்டு.
பிறகு வரிவரியாய் விட்டுக்கொடுத்தது.
ஆனால் நூல் நேராய் வரவில்லை,
நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு சுருண்டு,
இருந்த இருப்பை மறக்காமல் வந்தது.
கேத்தல் ஆவியில் காட்டித்தான்
கொஞ்சம் சமாதானம் செய்தேன்.

கிறேஸ்லின் பால்மாப் பெட்டியில்
இரண்டு வட்டம் வெட்டித் தந்தாள்,
நடுவில் பத்து ரூபாக் குற்றியளவு ஓட்டை.
நூறு சுற்று. நூற்றிருபது என்றால் இன்னும் கொழுக்கும்.
விளிம்பு வழியே கத்தரிக்கோல்.
இடுப்பில் ஒரு முடிச்சு,
அதில் இரக்கம் பார்த்தால்
அத்தனையும் மடியில் கொட்டுண்டு போகும்.
முதலாவது பொம்பொம்
மொட்டை விழுந்த கோழிக்குஞ்சு.
ஒன்பதாவதைப் பூனை கொண்டுபோனது.
பதினொன்றிலிருந்து கை பழகிவிட்டது.
காற்றுத் தராத மேசைஃபானின்
முன்கூட்டை அறுத்து, வெளிவளையம் மட்டும் எடுத்து
முப்பத்தேழையும் நெருக்கிக் கட்டி
சனிக்கிழமை பின்னேரம்
முன்கதவில் கொழுவினோம்.

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
பிலோமினா ரீச்சர் படலைக்குள் வந்து
செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி,
குரலையும் மடக்கிக் கேட்டா:
"எப்ப நடந்தது?"
நான் காலைச் சொன்னேன். "மூன்று கிழமை."
"மூன்று கிழமையோ!
எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"
கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டா.

அடுத்து, சந்தியில் ஆட்டோ வைத்திருக்கும்
நிசாம்தீன், ஒரு கிலோ சீனியோடு.
வாசலில் வளையம் என்றால் மலர்வளையம்.
மலர்வளையம் என்றால் உள்ளே பெட்டி.
நூலில் பூத்தது என்று
ரோட்டிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?
சீனியைத் திருப்பி வாங்கமாட்டேன் என்றான்.
அதிலேயே தேத்தண்ணி போட்டு
ரீச்சருக்கும் ஒன்று கொடுத்தோம்.

அவர்கள் போனபின்னும் செய்தி நிற்கவில்லை.
மத்தியானம் உவர்மலை,
பின்னேரம் ரொறன்ரோ,
இரவு எட்டரைக்கு ஒஸ்லோவில் இறங்கி
எங்கள் போனை அடித்தது.
திரையில் பெயரைப் பார்த்தாள் மரீற்றா.
கையைச் சட்டையில் துடைத்தாள்.
மணி நிற்கப்போகும் நேரத்தில் எடுத்தாள்.

"அக்கா… ஆர்?"
படி ஏறி வந்தவன்போல மூச்சு.
அவள் கதவைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.
"உன்ர ஸ்வெட்டர்" என்றாள்.

ஸ்பீக்கர் போடவில்லை,
அவன் சிரித்தானோ அழுதானோ தெரியாது.
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
அவள் வாசலுக்குப் போய்
ஒரு பொம்பொம்மைப் பெருவிரலால் நீவி நீவி
கனநேரத்துக்குப் பிறகு கேட்டாள்:
"குளிரோ அங்க?"

காணிக்கதை அப்படியேதான் கிடக்கிறது.
ஸ்வெட்டரின் இடக்கையும்
இன்னும் பிரிக்காமல்.
கடிதான் இப்போது
முழங்கால்வரை ஏறிவிட்டது.